ஒப்பீட்டுக்கு ஒருவர்

வலிப்பு வராத பன்னிரண்டு பேர் வேண்டும்,
ஐம்பது தாண்டியவர்கள்,
வலிப்புக்காரரின் மூளைப் படங்களுக்குப்
பக்கத்தில் வைத்துப் பார்க்க.
டொக்டர் சர்வலோகேஸ்வரி சொல்லிவிட்டுப் போனா.
லேசான வேலை என்றுதான் நினைத்தேன்.

படிவத்தில் ஏழாவது கேள்வி:
உடம்பிலை இரும்பு ஏதும் இருக்கோ?

பாசையூர் மரியதேவி சிரித்தா.
"எந்தப் பக்கத்தைக் கேக்கிறியள் தம்பி?"
ஆனைக்கோட்டை மாஸ்டர் கணக்காய்ச் சொன்னார்,
முழங்காலில் இரண்டு பீஸ், முதுகில் ஒன்று,
"மற்றது எங்கை எண்டு அதுக்குத்தான் தெரியும்."
ஒருவர் இல்லையென்று கையெழுத்தே வைத்தார்.
எக்ஸ்ரேயில், இடக்கண்ணுக்குப் பின்னால்,
அரிசிக் குறுணி அளவில் வெள்ளையாய் ஒன்று.
படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன்.
அந்தக் கண்ணாலேயே பார்த்தார்.

காந்தத்தை நாங்கள் நிறுத்துவதில்லை.
ஆளில்லாத இரவிலும் அது
இழுத்துக்கொண்டுதான் இருக்கும்.

பதினொரு பேர் எப்படியோ சேர்ந்தார்கள்.
கனடாவில் இருந்து லீவில் வந்தவர் நாலு பேர்,
கொழும்பில் வேலைசெய்து பென்ஷனோடு திரும்பியவர் மூன்று,
மிச்சப் பேர் எப்படித் தப்பினார்கள் என்று
படிவத்தில் கேள்வி இல்லை.

பன்னிரண்டாவது ஆள் நான்.
தொண்ணூறில் தெகிவளைக்குப் போய்ப்
பத்தொன்பது வருடம் கழித்து வந்தவன்.
ஏழாவது கேள்விக்கு
இல்லை என்று போட்டேன்.
பேனை கொஞ்சம் நின்றுதான் எழுதியது.

வெள்ளி பின்னேரம் குழாய்க்குள் படுத்தேன்.
நான் எல்லாருக்கும் சொல்லுகிற வசனத்தையே
சுரேந்தினி மைக்கில் எனக்குச் சொன்னாள்:
"பயப்படாதேங்கோ அண்ணை, வெறும் சத்தம்தான்."

பிறகு அடித்தது, டமடமவென்று, நாற்பது நிமிடம்.

எனக்கு அது
வெறும் சத்தம்தான்.