இரண்டு நாற்பது

மஞ்சக்குப்பத்தில், பேட்டரிக் கடைக்கு மேல்மாடியில்,
ஒரு மாட்டுக்கு நான் அழக் கற்றுக்கொடுத்தேன்.

கூடப் படித்தவர்கள் பெங்களூரில்
பேய்களும் துப்பாக்கிகளும் செய்கிறார்கள்.
எனக்குக் கிடைத்தது மல்லாட்டை எண்ணெய்.
விளம்பரம் என்று சொல்லாதே,
விளையாட்டு என்று சொல் என்றார் மேனேஜர் ரியாசுதீன்.
பரங்கிப்பேட்டையிலிருந்து பைக்கில் வருவார்,
ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே பேசத் தொடங்கிவிடுவார்:
"அரை லிட்டர் பாக்கெட்டுக்குள்ளே எட்டு நம்பர்.
போட்டா மூணு நாளைக்குச் செக்கு சுத்தும்.
நூறு சுத்துக்கு ஒரு சொட்டு.
படி நிறைஞ்சா தங்கக் காசு."

எத்தனை பேருக்கு நிறையும் சார்?
"ஒருத்தருக்கு. போட்டோ எடுக்க ஆள் வேணுமே."

நிறைய நிறைய
படியின் அடி சத்தமில்லாமல் ஆழமாகும்படி
நான்தான் எழுதினேன்.
அதற்கு அரை நாள் போதுமாயிருந்தது.
கண்ணீருக்குத்தான் ஒரு வாரம்.
ஒருநாள் வராவிட்டால் மாடு முன்னங்காலை மடிக்கும்.
இரண்டாம் நாள் வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கும்.
மூன்றாம் நாள் ஒரே ஒரு துளி, இடது கண்ணில்.
இரண்டு கண்ணிலும் விட்டுப் பார்த்தோம்,
நடிப்பது போலிருந்தது.

ஐப்பசி அடைமழையில்
கெடிலம் கரைதொட்டு ஓடிய வாரம்
பள்ளிக்கூடம் லீவு,
ஊரே போனுக்குள் செக்கோட்டியது.
வரைபடத்தில் காலையில் ஒரு மலை, இரவில் ஒரு மலை.
நடுவே, ஆளற்ற இரண்டு நாற்பதுக்கு,
தினமும் ஒற்றைப் புள்ளி.

ஏதாவது மிஷினாக இருக்கும், பிளாக் பண்ணு என்றார்கள்.
எதற்கும் கூப்பிட்டுப் பார்த்தேன்.

கலியபெருமாள். சிப்காட்டில் இராக்காவல்.
ஒரு ரவுண்டு போய்விட்டு வந்து உட்காரும் நேரமாம் அது.
சாப்பாடு மெஸ்ஸில். ரூமில் அடுப்பே இல்லை.
இதுவரை வாங்கிய எண்ணெய் பதினோரு லிட்டர்.
"அவ்வளவையும் என்ன பண்றீங்க?"
"கீழ் வீட்ல குடுத்துடுவேன்.
வடை சுட்டா ரெண்டு மேல வரும்."

தங்கக் காசு கிடைக்குமென்று நம்புகிறீர்களா என்று
கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன்.
சிரித்தார்.
"காசுக்கா ஆடறேன்?
ஜொரம் வந்து மூணு நாள் போவல.
தொறந்து பாத்தா அழுவுதும்மா.
அதுலேர்ந்து ஒரு நாள் உடறதில்ல."

பாய்லர் இரைச்சல் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

"ஒண்ணு கேக்கலாமா?
இவ்ளோ சுத்துதே,
தண்ணி காட்ட ஒரு பட்டன் வைக்கலியா நீங்க?"

மீட்டிங்கில் சொன்னேன்.
ரியாசுதீன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.
"வைக்கலாமே. வாளி ரெண்டு ரூபா."
தொட்டி வரைந்தேன், வாளி வரைந்தேன்.
விலையை ஒட்ட மறந்துவிட்டதாக
இரண்டு முறை சொன்னேன்.
மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை.

மாட்டுப் பொங்கலன்று எல்லாம் முடிந்தது.
அந்தத் தேதியை யார் குறித்தார்களோ.
இனித் திறப்பவர்களுக்குக் காட்ட
ஒரு வரி எழுதித் தரச் சொன்னார்கள்.
'போட்டி நிறைவடைந்தது. பங்கேற்றமைக்கு நன்றி'
என்று அடித்தேன்.
அழித்தேன்.
'மாடு மேயப் போயிருக்கு'
என்று போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மாசி பிறந்துவிட்டது.
திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில்
காசு வாங்கியவரின் சிரிப்பு வெளுக்கத் தொடங்கிவிட்டது.
காலை மலை இல்லை. இரவு மலை இல்லை.
இரண்டு நாற்பதுக்கு மட்டும் புள்ளி விழுகிறது.
திரும்பிவிட்டதா என்று பார்க்கிறார்.

ரியாசுதீன் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார்.
"இதுக்குப் பேர்தான் ரிட்டென்ஷன்" என்றார்.
"அந்த வரிய எழுதினது யாரு?"