மாறி விழுந்த டின்

பிராம்ப்டன் கிடங்கு. இரவு இரண்டு மணி.
சீரோ பொத்தானைத்தான் அமத்தினேன்.
விழுந்ததோ சிவப்பு டின்,
முப்பத்தொன்பது கிராம் சீனியோடு.

மெஷினோடு என்ன நியாயம் பேச?
ஆறு கிழமையாய்
சீனியில்லாமல் இனிக்கிற தண்ணி குடித்துக்
குறைந்தது ஒன்றரைக் கிலோ;
அதிலும் அரைக்கிலோ
சப்பாத்தைக் கழற்றியதால் என்கிறான் குகநேசன்.

திறக்கவில்லை.
கொண்டுபோய்க் காரின் பக்கத்து சீற்றில் வைத்து
பெல்ட்டும் போட்டுவிட்டேன்,
ஏனென்று தெரியாது.

விடிய வேலை முடிந்து வந்தால்
மைனஸ் இருபத்திரண்டு.
டின் வெடித்து
சீற்றெல்லாம் மண்ணிறப் பனி.
சுரண்டிச் சுரண்டி வெளியே எறிந்தேன்,
கண்ணாடியில் ஒட்டியிருந்த
கடுகளவைத் தவிர.

அது நாக்கில் கரைந்து முடிவதற்குள்
என் இடத்துக்குக் காத்திருந்த பகல் ஷிப்ட்காரன்
இரண்டுதரம் ஹோர்ன் அடித்துவிட்டான்.