நாற்பத்தொன்றாவது

சோளத்தை வீட்டுக்குள் முளைக்கவிடாதே,
வேரைத் தொட்டால் கோபித்துக்கொள்ளும் என்று
விதைப் பொட்டலத்தின் முதுகில் போட்டிருக்கிறது.
கோபம் எனக்குத் தெரியாததா.
வேலிக்கு அந்தப் பக்கம்
மூன்று வருடமாக அது டிராக்டர் ஓட்டுகிறது.

மே இரண்டாம் வாரம்.
ஆற்றில் பனிப்பாளங்கள் போய்விட்டன.
வடக்கு மெய்னில் வசந்தம் என்றால்
கரையோரம் அழுக்குப் பனி, முழங்கால்வரை சேறு.
பள்ளிப் பேருந்தை நிறுத்திவிட்டு வந்து
கழிப்பறைக் காகிதத்தின் அட்டைக் குழல்களை,
குளிர்காலம் முழுக்கச் சேர்த்தவை, நாற்பத்தெட்டு,
கேக் தட்டில் நெருக்கி நிறுத்துகிறேன்.
பேருந்துக்கு வரிசையில் நிற்கும் பிள்ளைகள் போல
என்று சொல்ல வந்தேன்.
இல்லை, இவை சத்தம் போடவில்லை.

விதை பார்க்க லட்சணமில்லை.
வெகுநேரம் குளித்த விரல்நுனிபோல் சுருங்கியது.
இனிப்பு ஏற ஏற மாவு குறையும்,
மாவு குறைந்தால் விதை குளிரில் அழுகும்.
ஆகவே தட்டு வாட்டர் ஹீட்டரின் தலையில்.
ஆறாம் நாள் பச்சை ஊசிகள்.
எண்ணினேன்: நாற்பது.

இவ்வளவு அவசரம் ஏன் என்றால்
ரோசேர் சிர் பாப்கார்ன் போடுகிறான்.
மஞ்சள் சோளம்.
போன வருடம் என் வெள்ளைக் கதிர்களில்
அங்கங்கே மஞ்சள் மணிகள்,
கல் போல, பல்லுக்குப் பிடிக்காதவை.
மகரந்தத்துக்கு வேலி தெரியாது.
அவன் பூ உதிர்க்கும் முன்னே
இரண்டு வாரமாவது முந்தி
என்னுடையது பூத்து முடிய வேண்டும்.
அதற்கு அவன் விதைக்கும் நாள் தெரிய வேண்டும்.
அதற்குக் கேட்க வேண்டும்.

அவன் பனி தள்ளியபோது சாய்த்த
என் தபால்பெட்டி இன்னும் சாய்ந்தே நிற்கிறது.
தள்ளியது நகராட்சி வண்டி என்கிறான்.
நான் ஜன்னலில் நின்று பார்த்தேன்.

ஒரு காகிதம் எழுதினேன்.
'எப்போது விதைக்கிறாய்? ஒடீல்.'
வணக்கம் எதுவும் வைக்கவில்லை.
தீவனக்கடை ரசீதின் பின்பக்கம் பதில் வந்தது:
'மண் அறுபது டிகிரி தொட்டதும்.'
நாள் கேட்டால் சூடு சொல்கிறான்.

தெர்மாமீட்டர் வாங்கினேன்.
தினமும் விடிகாலை மண்ணில் செருகி
மண்டியிட்டுக் காத்திருப்பேன்.
வேலிக்கு அப்பால் அவனும் மண்டியிட்டு.
தூரத்தில் போகிறவர்கள்
பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

ஜூன் நாலு. அறுபத்தொன்று.
குழலோடு அப்படியே நட்டேன், வேரைத் தொடாமல்.
மண்ணுக்கு மேலே நீட்டிய அட்டை விளிம்பை மட்டும்
கிழித்துவிட வேண்டும்,
இல்லையென்றால் அது ஈரத்தை உறிஞ்சிக் குடிக்கும்.
நாலு வரிசை, வரிசைக்குப் பத்து.
ஒற்றை வரிசையாய் நீட்டினால்
மகரந்தம் விழாத இடமெல்லாம் பொக்கை.
கூட்டமாய் நின்றால்தான்
ஒவ்வொரு பட்டு இழைக்கும் ஒரு தூள் கிடைக்கும்,
ஒவ்வொரு தூளுக்கும் ஒரு மணி.

தட்டைக் கழுவப் போனபோது பார்த்தேன்,
செத்தது என்று விட்ட குழலில் ஒரு ஊசி.
நாற்பத்தொன்றாவது.
எறிய மனமில்லை, கட்டத்தில் இடமில்லை.
வேலியோரம் ஒற்றையாக வைத்தேன்.
அந்தப் பக்கம் விதைப்பு எந்திரம் உறுமிக்கொண்டிருந்தது.

ஒன்பதாம் தேதி இரவு உறைபனி என்றது வானொலி.
போர்வைகள் போதவில்லை.
பேருந்தில் பிள்ளைகள் மறந்துவிட்ட பெட்டியைத் திறந்தேன்.
கம்பளித் தொப்பி, கழுத்துத் துணி,
ஜோடி தொலைந்த கையுறை,
ஹாக்கி அணியின் சட்டை ஒன்று.
நாற்பது தலைக்கும் போட்டேன்.
நாற்பத்தொன்றுக்கு எதுவும் மிஞ்சவில்லை.
தூங்கப் போனேன்.

காலையில் புல்லெல்லாம் வெள்ளை.
வேலியோரம் ஒரு வாளி கவிழ்ந்திருந்தது,
பசு வாசனையோடு.
என் வாளி இல்லை.

ஆகஸ்ட் கடைசியில்
நாற்பதும் சுத்த வெள்ளை. கணக்குத் தப்பவில்லை.
செப்டம்பரில் பிந்திப் பழுத்த அந்த ஒன்றை உரித்தேன்.
தனியாக நின்றது, பொக்கையாக இருக்கும் என்றிருந்தேன்.
அடி முதல் நுனி வரை மணி நிறைந்திருந்தது,
பாதிக்கு மேல் மஞ்சள்.

வேகவைத்தேன், வெண்ணெய் தடவினேன்.
மஞ்சள் மணிகள் வேகவே இல்லை.
கடவாய்ப் பல்லில் ஒன்று சிக்கி
ஞாயிற்றுக்கிழமை முழுக்க நாக்கு அங்கேயே.

வாளியை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.