லங்கா

ஜெனரல் சாந்தோஸ் துறைமுகம். மின்சாரம் போன இரவு.
சூரைக்குக் கொட்டிய ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.
வெட்டுமேடையில் யாருக்கும் வேலை இல்லை.

சாங்கீர்த் தீவுக்காரன் யோப்பி
காலை முன்வைத்து, "லங்கா" என்றான்.
அவன் பேச்சில் அது எடுத்து வைக்கும் அடி.
லிகாயா சிரித்துவிட்டாள். அவள் பிறந்த பத்தாங்காஸில்
லங்கா என்றால் பலாப்பழம்.

சிரிப்பு அடங்குமுன்னே பிரம்பை எடுத்தாள்.
ஈரத் தரையில் சாக்கட்டி நிற்காது;
மீன் ரத்தம் தொட்டு
முக்கோணம் ஒன்று வரைந்தாள்.
அதன் முனைகளுக்கு அவன் பாதங்கள்
கேட்காமலே போய்ச் சேர்ந்தன.

டார்ச் பிடித்தவன் நான். பார்த்தது இவ்வளவுதான்:
அவள் பிரம்பு அவன் கழுத்தோரம் நின்றபோது
அவனுடைய இடக்கை, ஒன்றும் ஏந்தாத கை,
அவள் விலாவில் ஏற்கெனவே இருந்தது.
"செத்தாய்" என்றாள்.
"நீயும்" என்றான்.
அவளுக்கு அவன் மொழி தெரியாது, அவனுக்கு அவள் மொழி.

ஞாயிறன்று
நிஜமாகவே ஒரு பலாவைத் தோளில் சுமந்து வந்தான்.
அவள் போலோவை எடுத்தாள், அவன் பாராங்கை உருவினான்.
யார் முதலில் என்று ஒரு சின்னச் சண்டை.
பிறகு, அறுக்கும் முன்,
இரண்டு கைகளும் ஒன்றாக
எண்ணெய்ப் புட்டிக்கு நீண்டன.