மூன்று இரவுகளின் மட்டம்

நீடாமங்கலம் மூணாறு தலைப்பில்
வெண்ணாறு பிரியும் சத்தம் கேட்கும் தூரத்தில்
எங்கள் அலுவலகம்.
மேசைக்கு அடியில் ஒரு பழைய யுனிக்ஸ் பெட்டி.
போன வருஷம் அதன் விசிறிக்குள்
பல்லி முட்டையிட்டிருந்தது.

கோரையாற்று ஷட்டருக்குக் கீழே
மணிக்கொரு தரம் நீர்மட்டம் வாங்கி
அது தன் வயிற்றில் எழுதாது,
பக்கத்தில் கிடக்கும் கறுப்பு டிஸ்க்கில் எழுதும்.
அந்த டிஸ்க்குக்குப் பெட்டியில் ஒரு வாசல்:
‘மட்டம்’ என்றொரு காலி டைரக்டரி.
டிஸ்க் ஏறினால் வாசலுக்குப் பின்னே வீடு.
ஏறாவிட்டால் வாசல் மட்டும்.
ஆனாலும் வாசல்தானே,
யார் வந்தாலும் உள்ளே விடும்.

எது எங்கே ஏறியிருக்கிறது என்பதற்கு
இரண்டு இடத்தில் கணக்கு.
எம்டேப் என்ற கோப்பு,
மவுண்ட் கட்டளை தன் கையால்
எழுதி, அடித்து, எழுதி வைக்கும் பேரேடு.
மற்றது கெர்னலுக்குள்.
அதை யாரும் எழுதி வைப்பதில்லை,
கேட்டால் கேட்ட நிமிஷத்தில் சொல்லும்.
நான் கேட்டதில்லை.

ஜூன் பதினெட்டு, தண்ணீர் வந்த ராத்திரி
கரண்ட் போய்விட்டது.
விடியும் முன் பெட்டி தானாக எழுந்தது,
டிஸ்க் எழவில்லை.
எழும்போதே பழைய பேரேட்டைக் கிழித்துப்போட
ஒரு வரி இருந்தது ஸ்கிரிப்டில்.
எனக்கு முன்னால் இருந்தவர் யாரோ
எதற்கோ அதை முடக்கி வைத்திருந்தார்.
ஏறியிருக்கிறது என்றது எம்டேப்.
என் நிரல் எம்டேப்பை நம்பிற்று.
நான் என் நிரலை நம்பினேன்.
மூன்று இரவு.

நான்காம் நாள் ஒயரைப் பிடுங்கிக் குத்தி ஏற்றினேன்.
ஒன்பது வருஷமும் வந்தது,
அந்த மூன்று இரவு தவிர.
வாசலில் முத்துப்பேட்டை வேன்.
கடைமடைக்காரர்கள் பதினோரு பேர்.
“திறந்தது நெசம்னா அளவக் காட்டுங்க.”
ஏ.ஈ. செங்குட்டுவன் ரிஜிஸ்டரைக் காட்டினார்:
கோரையாறு, ஆறு கண்ணும் திறப்பு, மூன்றடி.
கையெழுத்து இருந்தது. தேதி இருந்தது.
“இது நீங்க எழுதுனது” என்றார் திருமேனி.

சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுப் பாலத்துக்குப் போனேன்.
மே மாசம் பாமணி மணலில்
பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள்.
செங்கல் அடுக்கி ஸ்டம்ப், சுண்ணாம்பில் கோடு.
இப்போது அதன் மேல் ஓர் ஆள் உயரப் பழுப்புத் தண்ணீர்.
கோடு போயிருக்கும்.
செங்கல் அங்கேதான் இருக்கும்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன்.

டிஸ்க் இல்லாத மூன்று நாளும்
நிரல் வாசற்படியிலேயே எழுதியிருக்கிறது.
அதன் மேல் நானே டிஸ்க்கை ஏற்றி மூடியிருக்கிறேன்.
அழியவில்லை,
மேலே ஒன்று இருக்கும்வரை அதைக் கூப்பிட வழியில்லை.

இறங்கு என்றேன்.
முடியாது, பிஸி என்றது.
மறுபடியும் பிஸி.
என் தோளுக்குப் பின்னால் திருமேனியின் வெற்றிலை மூச்சு.
உள்ளே யார் என்று கேட்டேன்.
ஒரே ஒரு பெயர். என்னுடையது.
காலையில் ‘மட்டம்’ உள்ளே போய்த் தேடிய ஜன்னலை
மூடாமல் அங்கேயே விட்டிருக்கிறேன்.
“நீங்கதானா நிக்கிறீங்க” என்றார் அவர்.
சிரிக்கவில்லை.

வெளியே வந்தேன். இறங்கிற்று.

எழுபத்திரண்டு வரி.
முதல் ராத்திரி ஒன்று புள்ளி பத்து மீட்டர்,
இரண்டாவது அதற்குக் கொஞ்சம் மேலே,
மூன்றாவதில் இரண்டு மணியிலிருந்து
புள்ளி நாற்பது, புள்ளி நாற்பது, புள்ளி நாற்பது.
திருமேனி அதை வேன் ரசீதின் பின்பக்கம் எழுதிக்கொண்டார்.
செங்குட்டுவன் ரிஜிஸ்டரை மூடினார்.

லஸ்கர் ஜபருல்லா எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்:
“நாலு கண்ணுல கருவமரம் அடைச்சிருக்கு.
மேல நின்னா தெரியாது, குனியணும்.”

அந்த முடக்கிய வரியைத் திறந்துவிட்டேன்.
சாயங்காலம் ரிஜிஸ்டரில்
அன்றைய கட்டம் காலியாக இருந்தது.
எழுத வேண்டியவர்
கயிற்றோடு தண்ணீருக்குள் நின்றிருந்தார்.