முழங்காலில் துக்கம்

கோல கெட்டில் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால்
இரும்புக் கதவு, நீலப் பலகை:
தோட்ட கிளினிக், எட்டு முதல் நான்கு.
பதினோரு வருடமாக இங்கே
ஊசி என் பொறுப்பு, பஞ்சும் என் பொறுப்பு.
டாக்டர் புதன்கிழமை மட்டும்.

வலிக்கு நான் கற்ற அடுத்த சொல் 'சாக்கிட்'.
கற்றேன் என்பதுகூடப் பொய்.
புகுமுக வகுப்பின் முதல் வாரத்திலேயே
வயிற்றைப் பிடித்துக்கொண்டு
அந்தச் சொல்லில் ஏறித்தான் வீட்டுக்குத் தப்பினேன்.

பிறகு மொஜம்மெலின் ஆட்கள் வந்தார்கள்,
செம்பனை முள் ஏறிய உள்ளங்கையோடு.
'ப்யெத்தா' என்றார்கள்.
மருந்துக் கம்பெனி காலண்டரின் முதுகில்
தமிழில் எழுதி வைத்தேன்.

அடுத்த மழைக்கு நேப்பாளத்து ஹஸ்த பகதூர்
காலை நீட்டி உட்கார்ந்து
'துக்யோ' என்றான்.
எனக்குத் துக்கம் என்று கேட்டது.
யார் செத்துப்போனது என்று விசாரிக்க வாயெடுத்தேன்.
அவன் முழங்காலைத் தொட்டுக் காட்டினான்.

முழங்காலில் துக்கம்.
இருக்கலாம்.
இருபத்தாறு வயதில் அத்தனை குலை சுமந்தால்
வேறெங்கே போய் உட்காரும் அது?

எங்கே விழுந்தாய் என்றேன் மலாயில்.
'சடக்' என்றான்.
சடக்கு ஓரமா நட, என்று
என் அப்பா தினம் சொன்ன அதே சடக்கு.
தமிழ்நாட்டிலிருந்து பினாங்கு பார்க்க வந்த ஒருத்தி
அது என்ன தமிழ் என்று சிரித்து
சாலை என்று திருத்தினாள் ஒரு முறை.
எந்தக் கப்பலில் யார் விட்டுப்போன சொல்லோ,
எந்தப் பஞ்சாபிக் காவல்காரன் வாயிலிருந்து விழுந்ததோ.
ஹஸ்த பகதூர் அதைத் தன்னுடையது என்றான்.
நான் என்னுடையது என்றேன்.
பேண்டேஜ் இரண்டு சுற்று சுற்றுவதற்குள்
சண்டை முடிந்துவிட்டது.

பெரட்டுக் களத்தில் இப்போது நாற்பத்திரண்டு பேர்.
தமிழர் ஐவர்.
மண்டோர் பரஞ்சோதிக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை,
அவர் தமிழில்தான் ஏசுவார்.
ஆகவே டாக்காவுக்கும் கிழக்கே பிறந்தவர்கள்
எங்கள் பாஷையில் முதலில் கற்றவை
அச்சில் ஏறாதவை.
அப்புறம்தான் தண்ணி, சோறு, நாளைக்கு.

போன மாதம் மட்டை விழுந்து தோள் இறங்கி
மொஜம்மெலைத் தூக்கி வந்தார்கள்.
காலண்டரை ஒரு பார்வை பார்த்துக்கொண்டு
சுத்தமாக, 'ப்யெத்தா?' என்றேன்.
பல்லைக் கடித்தபடி
'வலிக்குதுக்கா, ஊசி மட்டும் வேணாங்க்கா' என்றான்,
ஐந்தாம் லயத்துப் பிள்ளை மாதிரியே
கடைசி எழுத்தை இழுத்து.

அந்த நேரம் பார்த்து ஈப்போ விடுதியிலிருந்து
என் மகன் போன் போட்டான்.
'மா, பெருட் சாக்கிட் லா.'
ஒரு காதில் அவன், மறு காதில் இவன்.
யாருக்கு எந்தப் பாஷையில் பதில் சொன்னேனோ.
இரண்டு பேரையும் கஞ்சி குடிக்கச் சொன்னதாக நினைவு.

பர்மாக்காரப் பெண் ஒருத்தி போன வாரம் வந்தாள்.
என்ன மொழி என்று மூன்று முறை கேட்டேன்,
மூன்றாம் முறை ஓர் ஊரின் பெயரைச் சொன்னாள்.
நெஞ்சைக் காட்டினாள்.
அதற்கு ஒரு சொல் தருவாள் என்று காத்திருந்தேன்,
பென்சிலைக் கையில் பிடித்தபடி.
காலண்டரில் இப்போதைக்கு
ஒரு கோடு மட்டும் இழுத்து வைத்திருக்கிறேன்.

நேற்று ஊசி கொதிக்கிற பாத்திரத்தின் மூடி
விரலைச் சுட்டுவிட்டது.
அறையில் யாருமில்லை.
முதலில் அம்மா வந்தது. அது வரும்.
குழாயடியில் கையை நீட்டி நிற்கையில்
'துக்யோ' என்றது என் வாய்,
யாரிடமோ புகார் சொல்வதுபோல.

தண்ணீரை மூடிவிட்டு
அடுத்தது யாரு, என்று வெளியே குரல் கொடுத்தேன்.
பெஞ்சில் இருந்த எட்டுப் பேரும் எழுந்தார்கள்,
நெஞ்சைப் பிடித்தபடி அவளும்.