ஆள் நலம்

ஒரு பக்கம் போதும் என்றிருக்கிறார்கள்.
எழுத்தில் உன் பலம் எது, பலவீனம் எது,
வெள்ளிக்கிழமைக்குள்.
கல்லூரியில் இது எனக்கு மூன்றாம் நாள்.
நூலகம் எந்தப் பக்கம் என்பதே
இரண்டு பேரைக் கேட்டால்தான் தெரிகிறது.

அறைத்தோழி பா நியா
ஒரே மூச்சில் நான்கு பக்கம் எழுதிவிட்டு
ஈரத் தலையோடு தூங்கிப்போனாள்.
நிறுத்தத் தெரியாததுதான் தன் பலவீனம் என்பதை
முக்கால் பக்கத்துக்கு எழுதியிருக்கிறாள்.

நான் மேலே என் பெயரை எழுதினேன்: ஐனோ கெட்டோலா.
அடியில் தேதி.
அதுவரைக்கும் பிழையில்லை.

ஜன்னலுக்கு வெளியே சுப்பீரியர் ஏரி.
தாதுக் கப்பல் ஒன்று
பாலத்தைத் தூக்கச் சொல்லி ஊதுகிறது,
நெடில் ஒன்று, குறில் ஒன்று, மறுபடி நெடில், குறில்.
பாலமும் அதையே திருப்பி ஊதுகிறது.
அவர்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு.
எனக்குப் பிடித்த உரைநடை அது.

பலம்: சுருக்கமாக எழுதுவேன்.
இரண்டு பனிக்காலம், இரவு வேலை,
பள்ளத்தில் இறங்கிய வண்டிகளை இழுத்துவரும் கம்பெனியில்
தொலைபேசி எடுத்தேன்.
பதிவேட்டில் அழைப்புக்கு ஒரு வரி.
மணி, சாலை, மோதியது எது, ஆள் எப்படி.

2.14. அறுபத்தொன்றாம் சாலை. மான். ஆள் நலம்.
4.40. ஆற்றுப்பாலம். வழுக்குப் பனி. ஆள் நலம், கோபம்.

அந்தக் 'கோபம்' எதற்கு என்று
முதலாளி பேனாவால் அடித்தார்.
அடித்தது சரியென்றே நினைத்தேன்,
அதன்பிறகு யாருக்கும் கோபம் வரவிடவில்லை.

அந்தப் பழக்கம் கையிலேயே தங்கிவிட்டது.
என் வாக்கியங்கள் எல்லாம் முற்று.
வந்தான். மோதினான். நின்றான்.
ஒவ்வொன்றும் கதவைச் சாத்திவிட்டுத்தான் நகரும்.
எச்சம் வைக்கத் தெரியாது.
காற்புள்ளியில் கஞ்சத்தனம்.
'ஏனென்றால்' என்று தொடங்கினால்
யாரோ சாட்சிக் கூண்டில் ஏற்றியதுபோல் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.
பள்ளியில் என் கட்டுரைகளுக்கு அடியில்
எப்போதும் ஒரே சிவப்புக் கேள்வி:
சரி, பிறகு?

பிறகென்ன. லாரி வந்தது. இழுத்துப் போனது.

இன்னொரு பலம், பொய் எழுதமாட்டேன்
என்று எழுதினேன்.
எழுதியதும் பிப்ரவரி ஞாபகம் வந்தது.

3.05. கல்லுடைப்புச் சாலை. பனிமேடு. ஆள் நலம்.

அது நான் எழுதியது.
எழுதாதது இது:
லாரி வர ஐம்பது நிமிடம் ஆகும் என்றேன்.
அதுவரை போனை வைத்துவிடாதே என்றார்.
வயதான குரலில்லை, இளசும் இல்லை.
பின் இருக்கையில் ஒரு டஜன் முட்டை இருந்ததாம்.
இருட்டில் தடவித் தடவி எண்ணினார்,
எனக்குக் கேட்கும்படி.
பதினொன்று முழுசு.
நம்பிக்கை வராமல் மறுபடி ஒன்றிலிருந்து.
பதினொன்று.
ஹீட்டர் ஓடுகிற சத்தம்,
அதற்கு நடுவே
அவர் மூச்சு ஒழுங்காகிக்கொண்டு வந்த சத்தம்.

முட்டை யாருக்கு என்று கேட்கவில்லை.
விடிய நேரமிருக்க எங்கே கிளம்பினார் என்றும்.
கேட்டால் எழுத வேண்டியிருக்கும்.
இடமோ ஒரு வரி.

விளக்குத் தெரிகிறது என்றார்.
வைத்துவிட்டார்.

'ஆள் நலம்' என்று நான் எழுதியது
அவர் எண்ணத் தொடங்குவதற்கும் முன்னால்.

பா நியா புரண்டு படுக்கிறாள்.
கப்பல் போய்விட்டது,
பாலம் இறங்கியதை நான் பார்க்கவில்லை.
பலம் என்று எழுதிய இரண்டையும்
பலவீனத்துக்குக் கீழே அம்பு போட்டு இழுத்தேன்.
தாள் அசிங்கமாகிவிட்டது.
வேறு தாள் எடுத்து, பெயர், தேதி,

பனிமேட்டில் மாட்டிக்கொண்ட ஒருவர்
போனைத் தோளில் இடுக்கி,
பின்னால் கையை நீட்டி,
முதல் முட்டையைத் தொட்டு,
ஓடு விரிந்திருக்கிறதா என்று விரலால் சுற்றிப் பார்த்து,
பிறகு